கல்லீரல்

புல்கெண்டையை வெட்டுமுன்
வாலருகே ஒரு கீறல் போட்டுத்
தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.
நீந்தி நீந்தித்
தன் ரத்தத்தைத் தானே வடித்துக்கொள்ளும்.
அப்புறம்தான் கத்தி.
துண்டைச் செய்தித்தாள் மேல் வைத்தால்
எழுத்து தெரியவேண்டும்.
ஹெங்ஜோவில் என் கடைக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

முப்பத்தொரு வருஷம்.
வெட்டுகிறவன் ருசி பார்க்காமல் விற்கலாமா?
இஞ்சி, வறுத்த கடலை, எலுமிச்சை இலை,
மேலே இரண்டு சொட்டு எண்ணெய்.
நெருப்பை மட்டும் காட்டியதேயில்லை.

மல்லிகை மும்முரத்தில்தான்
முதல் காய்ச்சல் வந்தது.
உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.
கண்ணில் மஞ்சள் பூத்தது.
சாய்ஃபெங் மொட்டுகளைத் தராசிலேயே விட்டுவிட்டு
என்னை நான்னிங் பஸ்ஸில் ஏற்றினாள்.
அன்றைக்கு மட்டும் நாற்பது கிலோ
விற்காமல் மலர்ந்து வீணானது.
இன்றும் அந்தக் கணக்கைச் சொல்லிக்காட்டுவாள்.

டாக்டர் நோங் படத்தை வெளிச்சத்தில் மாட்டினாள்.
இலையெல்லாம் உதிர்ந்த மரம்.
இடப்பக்கக் கிளைகள் மட்டும்
காய்த்துத் தொங்கின.

"பித்தப்பையில் கல் என்றால்
பையை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவேன்.
உங்களுக்கு ஈரலுக்குள்ளேயே,
பித்தம் ஓடும் வாய்க்காலில்."

விலாவில் துளையிட்டு,
வாரக்கணக்கில் அதை அகட்டி,
கேமராக் குழாயை விட்டு
ஒவ்வொன்றாக உடைத்தெடுக்கலாமாம்.
இல்லையென்றால் இடப்பங்கையே வெட்டிவிடலாமாம்.
அது எப்போதோ சுருங்கிச் சருகாகிவிட்டதாம்.

எந்தக் கத்தி என்று கேட்டேன்.
தொழில் புத்தி.

சிரித்தாள்.
"ஈரலில் கத்திக்கு வேலை குறைவு.
இடுக்கியால் நசுக்கிக்கொண்டே போவோம்.
நசுங்காமல் மிஞ்சுவதெல்லாம் குழாய்.
அதைக் கட்டிவிட்டு
அடுத்ததுக்குப் போவோம்."

ஆறு மணி நேரமாம்.
எனக்கு ஒரு இமைப்பு.

நர்ஸ் ஒரு பாட்டிலை நீட்டினாள்.
ஈர வெல்லம் மாதிரிப் பழுப்பாய், இருபதோ முப்பதோ.
ஒன்றை விரலால் அழுத்தினேன், பொடிந்தது.
என்னைச் சாகடிக்கப் பார்த்தது
ஒரு நல்ல கல்கூட இல்லை.
அடியில், நெல் உமி போல்,
தட்டையாய் ஏழு புழுக்கள்.
மீனிலிருந்து என்றாள்.
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நோங் வந்து
கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"சிறுகுடலில் ஒரு வளைவை எடுத்துப்
பித்தநாளத்தோடு சேர்த்திருக்கிறேன்.
அதன் நுனி இங்கே, தோலுக்கு அடியில்.
ஒரு சின்ன வளையமும் வைத்திருக்கிறேன்,
எக்ஸ்ரேயில் தெரிவதற்கு.
வலப்பக்கக் கிளைகளில் மறுபடி சேரலாம்.
சேர்ந்தால் வயிற்றைத் திறக்க வேண்டாம்.
இந்த இடத்தில் ஒரு கீறல் போதும்."

எனக்குக் கோபம் வந்தது.
எல்லாரும் தைத்து மூடிவிட்டு
முடிந்தது என்பார்கள்.
இவள் மூடிவிட்டு
கதவு இருக்கிறது என்கிறாள்.

"வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன?"

"சொல்லலாம்," என்றாள்.
"கல்லுக்குக் காது கிடையாது."

குழாயில் பித்தம் பையில் இறங்கிக்கொண்டிருந்தது,
பச்சைத் தேநீரின் நிறத்தில்.

இப்போது கடையில் பெரிய பானை,
நாள் பூராவும் கொதிக்கிறது.
பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.
நேற்று ராத்திரி பான் தேகுவாங் வந்தான்,
பழைய ஆள், பழைய நாற்காலி.
"எனக்கு மட்டும் ஒரு தட்டு, பச்சையாய்."

வெட்டினேன். கை மறக்கவில்லை.
தாளில் வானிலைச் செய்தி தெரிந்தது.
அப்படியே வாரிப் பானையில் போட்டேன்.
இரண்டு எண்ணுவதற்குள் வெளுத்துச் சுருண்டது.

திட்டினான். சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.
தழும்பைப் பார்த்தான்.
"கதவு எங்கேடா?"

தடவித் தேடினேன்.
வெளியே சாய்ஃபெங்கின் மூட்டைகளில்
மல்லிகை மலர ஆரம்பித்திருந்தது.
விலாவுக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம்.
இல்லை, இன்னும் கீழே.

"ஆறிப்போகிறது, சாப்பிடு," என்றேன்.